தஞ்சோங் பியாய் அலையாத்தி வனம்

ஜொகூர் பாருவுக்குத் தென்மேற்கே, பொந்தியான் மாவட்டத்தில், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையைத் தன்னகத்தே கொண்ட இவ்வனம், 2003-ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அங்கீகரிக்கப்பெற்றது. சேற்றுக்கு மேலே உயர்த்தி அமைக்கப்பட்ட சமதளமான நடைபாதையில், சிறு குழந்தைகளும் முதியோரும் சிரமமின்றி உலாவலாம். கடல்நீர் வற்றிய வேளையே காட்சிக்கு உகந்தது. அப்போதுதான், ஈரத்தோலாலும் வாய்க்குழியாலும் காற்றைச் சுவாசித்து, துடுப்புகளை ஊன்றி நிலத்தில் நகரும் அதிசயப் பிராணிகளான சேறுதாவி மீன்களும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகளும், இரை தேடி இறங்கும் நீள்வால் குரங்குகளும் பிரத்தியட்சமாகத் தென்படும். குரங்குகளுக்கு உணவளித்தல் தகாது. பிராணவாயு அரிதான சேற்றிலே கண்டல் மரங்கள் முட்டுவேர்களால் ஊன்றி நிற்கின்றன. கப்பல்கள் எழுப்பும் அலைகளால் இக்கரை அரிக்கப்பட்டு வருவது மிகுந்த விசாரத்துக்குரியது.