கொல்லிமலைச் சுரமும் குடிநீரும்

கொல்லிமலை என்றதும் இலக்கியம் பயின்றோர்க்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவில் எழுவர். ஆங்கிலேய அதிகாரிகளுக்கோ அது காய்ச்சல் மலை. உயிரைக் கொல்வதால் கொல்லி என்று பெயர்க்காரணம் கூறுவோர் இக்காய்ச்சலையும் சான்றுக்கு இழுப்பதுண்டு. சங்கப் பாடல்களிலேயே நிலைபெற்றுவிட்ட பெயருக்கு அவ்விளக்கம் பொருந்துமா என்பது வேறு வழக்கு.

நம் மருத்துவ நூல்கள் முறைச்சுரம் என்றும் குளிர்சுரம் என்றும் வகுத்தது நோயின் நடையைப் பார்த்து. கிருமியை லாவரான் அல்ஜீரியாவில் கண்டது 1880இல்தான். கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் அறிந்தது 1897இல். ஆகவே சுரத்துக்குச் சொல்லப்பட்ட மூலிகை சூட்டைத் தணித்ததா, குருதியிலிருந்த கிருமியைக் கொன்றதா என்ற கேள்வியே அன்று எழ வழியில்லை. ஆய்வுக்கூடம் கேட்பதோ அதை மட்டும்தான்.

புவனேசுவர ஆய்வாளர்கள் 2009இல் நிலவேம்பின் சாற்றையும் பற்படாகம் எனப்படும் பூண்டொன்றின் சாற்றையும் மலேரியாக் கிருமிமீது சோதித்தனர், எலிகளிலும் பார்த்தனர். மஞ்சளின் குர்குமினோடு சேர்த்தபோது ஆற்றல் கூடியது. 2012இல் சவ்வாது மலை மூலிகைகளும் இவ்வாறே சோதிக்கப்பட்டன. மகிழ வேண்டிய செய்திகள்தாம். ஆனால் புவனேசுவரத்தில் சோதிக்கப்பட்டது மெத்தனாலில் இறங்கிய சாறு. நம் வீட்டு நிலவேம்புக் குடிநீரோ வெட்டிவேர், சுக்கு, மிளகு உள்ளிட்ட ஒன்பது சரக்குகளை நீரிலிட்டு, நாலில் ஒன்றாய் வற்றக் காய்ச்சுவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, "அறிவியல் ஒப்பிவிட்டது" என்று முழங்குவது நமக்கு உடன்பாடன்று. ஃபால்சிபாரம் வகைக் கிருமி சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்குக் குருதிச் சோதனையும் உரிய மாத்திரையும் தள்ளிப்போடத் தக்கவை அல்ல.

செய்முறை எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீனத்துத் தூ யூயூவே சாட்சி. கொதிக்கவைத்த சாறு அவருக்கு நிலையான பலன் தரவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் குறிப்பு, தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது. வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஐயுற்ற அவர், 1971இல் தாழ்ந்த கொதிநிலையுள்ள ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும். பழைய நூலின் ஒரு வினைச்சொல்லை உற்றுப் படித்ததன் பயன் அது.

நம் சுவடிகளையும் அப்படிப் படிக்கலாம். ஊறல், பிழிசாறு, குடிநீர், சூரணம் ஒவ்வொன்றும் வெவ்வேறு செயல். அதற்கும் முன்னே பெயர்ச்சிக்கல் நிற்கிறது: பற்படாகம் என்று இருவேறு பூண்டுகளைக் காட்டுகிறார்கள், புவனேசுவரத்தில் சோதித்தது அவற்றுள் ஒன்றை மட்டுமே.