ஒரு சின்னப் பை

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, நாடகம் எழுதிப் பார்ப்போமே என்ற சபலம் ஒரு தடவையாவது வராமல் போகாது. எனக்கு அது 1987-ல் வந்தது. மழை பொய்த்து நாட்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்த வருஷம். எங்கள் ஊரில் ஒரு சங்கத்தார், மரம் வளர்ப்பதன் மேன்மையை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல நாடகம் வேண்டும் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கோயில் திடலில் மேடை போட்டு நடித்தார்கள். கடைசிக் காட்சியில் கிழவர் ஒருவர் பூவரசங்கன்று ஒன்றை நட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே சாய்ந்து உயிரை விடுவார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரை விழுந்ததும் நாற்பது கன்றுகள் வினியோகம் ஆயின. நான் அன்றிரவு தரையில் நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தேன். ஒரு கன்றுகூட இல்லை. என் நாடகத்தை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டவை ஊர் ஆடுகள் மட்டுமே என்று தெரிந்தது. திண்ணையில் இட்லிக்கடை வைத்திருந்த பாட்டியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"நாடவம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நான்கூட அளுதேன். ஆனா கன்னுக்குத் தண்ணி ஊத்துறது யாருன்னு நீ சொல்லவே இல்லியே?" என்றாள்.

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அப்புறம் ஓர் அபிப்பிராயத்தைச் சௌகரியமாக உருவாக்கிக்கொண்டேன். கலையை உபதேசத்துக்கு இழுத்தால் கலையும் கெடும், உபதேசமும் கெடும் என்பது அது. பல கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். பூமி சூடேறி வருகிற விஷயத்தைப் பாட்டாலும் கூத்தாலும் பயிற்சி முகாம்களாலும் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்க இளைஞர்கள் புறப்பட்டிருக்கும் இந்தக் காலத்தில், அவர்களில் சிலர் என்னிடம் வந்தபோதும் இதையே சொல்லி அனுப்பினேன். அந்த அபிப்பிராயத்தை இப்போது அசைத்துவிட்டது, பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் ஒரு நாடகக் குழுவின் கதை. அந்தத் தேசத்துக்கு நான் போனதில்லை. படித்து அறிந்ததைத்தான் சொல்கிறேன்.

வனுவாட்டு என்பது ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் தீவுக் கூட்டம். சுமார் எண்பது தீவுகள். ஜனத்தொகை மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் நூற்றுக்கும் அதிகமான பாஷைகள்! ஒரு மலையைத் தாண்டினால் அடுத்த கிராமத்தின் பேச்சு புரியாது. 1906 முதல் 1980 வரை பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்தே இதை ஆண்டார்கள். இரண்டு போலீஸ், இரண்டு சிறைச்சாலை, இரண்டு பாடத்திட்டம். இரண்டு மாமியார்களுக்கு ஒரே மருமகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தக் குழப்பத்திலும் ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள பிஸ்லாமா என்று ஒரு பொதுப் பாஷையை வளர்த்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் சொற்களை எடுத்துத் தங்கள் தீவுகளின் இலக்கணத்தில் கோத்த பாஷை. அதன் பெயரே கடல் அட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் சீனத்துக்கு அனுப்ப எடுத்தார்களே, அதே கடல் அட்டைதான். வியாபாரத்துக்கு வந்த கப்பல்களோடு பிறந்த பேச்சு அது.

1989-ல் தலைநகரான போர்ட் விலாவில் சிலர் சேர்ந்து இந்தப் பாஷையில் நாடகம் போடத் தொடங்கினார்கள். பீட்டர் வாக்கர், ஜோ டோராஸ் என்ற இருவர் முன்னின்றார்கள். அவர் இயக்குவார், அம்மையார் எழுதுவார். நடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். குழுவின் பெயர் வான் ஸ்மோல்பேக். பிஸ்லாமாவில் அதற்கு 'ஒரு சின்னப் பை' என்று பொருள். உடுப்பும் சாமானும் ஒரு பைக்குள் அடங்க வேண்டும். படகிலோ லாரியிலோ ஏறி எந்தக் கிராமத்துக்கும் போக வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கொள்கை. நம் தெருக்கூத்துக்காரர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் பெட்டியில் சுமந்து ஊர் ஊராய்ப் போகிறவர்கள்தானே? அவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். மேடை கட்டி, விளக்குப் போட்டு, தலைவருக்கு மாலை போட்டால்தான் நாடகம் என்று நினைக்கிற என் போன்றவர்களுக்குத்தான் நேரமாகும்.

குழு பிற்பாடு எவ்வளவோ வளர்ந்தது. வைத்தியசாலை நடத்தினார்கள், 2007 முதல் டெலிவிஷன் தொடர்கூட எடுத்தார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியம் 1995-ல் நடந்தது.

பசிபிக் நாடுகள் அந்த வருஷத்தைக் கடலாமைகளின் ஆண்டு என்று அறிவித்திருந்தன. ஆமைக் கறி அந்தத் தீவுகளில் விருந்துப் பதார்த்தம். முட்டையும் அப்படியே. ஒரு பெண் ஆமை முட்டையிடும் வயதுக்கு வர இருபது, முப்பது வருஷம் ஆகும். சில இனங்களுக்கு அதற்கு மேலும் ஆகும். ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இட்டாலும் பிழைத்து வளர்வது அபூர்வம். ஆகவே கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. வான் ஸ்மோல்பேக் குழு ஆமைகளைப் பற்றி ஒரு நாடகம் தயாரித்து எஃபாட்டே தீவின் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றது. ஜனங்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

அதுவரை என் நாடகத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதன் பிறகு வந்தது. ஆமைகளைக் கவனித்துக்கொள்ள உங்களில் யார் இருக்கிறார்கள், ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்று குழு கிராமத்தாரைக் கேட்டது. ஊர்த் தலைவர்களும் ஜனங்களும் பேசி ஆட்களை நிறுத்தினார்கள். அந்த ஆமைக் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. கரைக்கு வரும் ஆமையின் ஓட்டை அளப்பது, துடுப்பில் எண் பொறித்த உலோக அடையாளம் மாட்டுவது, முட்டைக் குழிகளைக் கணக்கெடுப்பது, வருஷத்துக்கு ஒரு முறை எல்லாக் கிராமத்துக் காவலர்களும் கூடிப் பேசுவது. எஃபாட்டேயில் ஆரம்பித்தது தீவு தீவாகப் பரவியது. 'நிலமும் கடலும்' என்று பொருள்படும்படி வனுவா-டாய் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

சொந்த மரியாதை ஒன்றும் அவர்களுக்குத் துணை இருந்தது. நமெலே என்று பனை போன்ற ஒரு செடி உண்டு. ஊர்த் தலைவர் அதன் ஓலையை நட்டுவிட்டால் அந்த இடம் விலக்கு. பவளப்பாறையானாலும் தோப்பானாலும் யாரும் கை வைக்கக் கூடாது. நாடகம் புதிய சட்டம் எதையும் கொண்டுபோகவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த ஓலைக்கு ஒரு காரியத்தைக் காட்டிற்று.

இதெல்லாம் குழுவினரின் சொந்தத் தம்பட்டமாக இருக்கலாமே என்று என் பழைய அபிப்பிராயம் முணுமுணுத்தது. ராபர்ட் ஜொஹான்னஸ் என்ற கடல் விஞ்ஞானி 1993-ல் வனுவாட்டுவின் 27 மீன்பிடிக் கிராமங்களை ஆராய்ந்திருந்தார். 2001-ல் ஹிக்கி என்பவரோடு சேர்ந்து அவற்றில் 21 கிராமங்களுக்குத் திரும்பிப் போனார். கடல் வளத்தைக் காக்கக் கிராமத்தார் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் எட்டு வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருந்தன. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஆமை விஷயத்தில் பெருமை அந்த நாடகக் குழுவுக்கே என்று 2004-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையில் எழுதினார்கள். முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

இனி வெப்பத்துக்கு வருகிறேன். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. ஏறக்குறைய 29 டிகிரியில் பாதிக்குப் பாதி. அதற்கு மேல் போனால் பெண் குஞ்சுகளே மிகும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுக் கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு முடிவு வெளியாயிற்று. வளரும் பருவத்து ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்! இன்னும் சில தலைமுறை கழித்து அந்தப் பெண் ஆமைகள் எதற்காகக் கரை ஏறும்? உயரும் கடல் முட்டைக் குழிகளை மூழ்கடிப்பது வேறு. 'கார்பன் டை ஆக்ஸைடு' என்று ஆரம்பித்தால் நம்மில் பாதிப் பேர் பேப்பரை மடித்து வைத்துவிடுவோம். இரவில் கரையில் நடந்து குழிகளை எண்ணிப் பழகியவனுக்கு அந்த விஷயம் காலடி மணலிலேயே இருக்கிறது. அலை போன வருஷம் எதுவரை வந்தது, இந்த வருஷம் எதுவரை வந்தது என்று அவனை யாரும் கேள்வி கேட்டு மடக்க முடியாது.

பிறகு 2010-க்கு அப்புறம், எல் நினோ, லா நினா என்கிற வானிலைச் சமாசாரத்தை விளக்க அங்கே ஒரு கேலிச்சித்திரப் படம் தயாரித்தார்கள். பெயர் 'கிளௌட் நசாரா'. நசாரா என்பது ஊர் கூடி ஆடும் மைதானம். மேகங்களின் மைதானம்! விஞ்ஞானியின் வரைபடத்தை நம்மூர் மந்தைவெளிக்குக் கொண்டுவந்த மாதிரி இருக்கிறது அந்தப் பெயர். அதைக் கிராமங்களில் போட்டுக் காட்டி, உட்கார்த்திவைத்துப் பேசினார்கள்.

இந்த மாதிரி வேலையில் ஓர் அபாயமும் உண்டு. அதே நாட்டின் வடகோடியில் டெகுவா என்ற தீவில் கடல் ஏறியதால் ஒரு சிறு கிராமம் உள்ளே தள்ளிப் போயிற்று. வெப்ப மாறுதலால் இடம்பெயர்ந்த முதல் ஊர்களில் ஒன்று என்று 2005-ல் உலகமெங்கும் பேசினார்கள். 2011-ல் நில ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள்: கடல் உயர்ந்தது உண்மை, ஆனால் 1997-க்கும் 2009-க்கும் இடையில் அந்தத் தீவே சுமார் 12 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. நாடகக்காரனுக்குப் பாதி உண்மை போதும், கண்ணீர் வந்துவிடும். பாட்டுக் கட்டும் இளைஞர்களிடம் இதைக் கட்டாயம் சொல்வேன். ஓட்டை அளக்கும் கயிறு கையில் இருக்கிறவன் இந்தத் தவறில் அவ்வளவு சுலபமாக விழமாட்டான்.

2019-ல் போர்ட் விலாவில் சட்டம் படித்த மாணவர்கள் வகுப்பறையில் ஆரம்பித்த யோசனை ஒன்று, 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரையாக முடிந்தது. அதற்கும் ஆமை நாடகத்துக்கும் முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். சின்ன நாடு, வாய் மட்டும் பெரிது என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

போன வாரம் பரணிலிருந்து என் 1987 நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். கரையான் ஓரங்களைத்தான் தின்றிருந்தது. கிழவர் சாகிற காட்சியில் அவர் இரண்டு பக்கம் பேசுகிறார். வானம், பூமி, சந்ததி எல்லாம் வருகின்றன. 'தண்ணீர்' ஆறு இடத்தில் வருகிறது. பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு ஒரு வரி வசனம்கூட நான் எழுதவில்லை.