பிரஷ்வாட்டரிலிருந்து களுத்துறை வரை

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், புகைப்படக் கூடங்களில் பணம் செலுத்தியவர் எவரோ அவரே படத்துக்கு அமர்ந்தார். அந்த வழக்கத்துக்கு நேர்மாறாக, தம் மனக்கண்ணில் தோன்றிய உருவத்துக்கு ஏற்ற முகத்தைத் தாமே தேடித் தேர்ந்து படமெடுத்தவர்களுள் முதன்மையானவர் ஜூலியா மார்கரெட் காமரான் அம்மையார். கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டு பிறந்த அவர், 1863 டிசம்பரில், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராவைக் கொண்டு இக்கலையில் பிரவேசித்தார். இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள பிரஷ்வாட்டர் கிராமத்தில், கோழிக்கூண்டு அவருக்குப் படக்கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

கண்ணாடித் தகட்டில் கொலோடியன் திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவியாக வேண்டிய அந்த முறையில், அமர்ந்தவர் சில நிமிஷங்கள் அசையாதிருத்தல் அவசியம். ஆகவே சௌந்தர்யத்தோடு பொறுமையும் படைத்தவரே அவருக்கு வேண்டியிருந்தது. டென்னிஸன், டார்வின், வானநூல் மேதை ஹெர்ஷல் முதலிய பெரியோர் அவர் முன் அமர்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும் வீட்டுப் பணிப்பெண்ணாகிய மேரி ஹில்லியரின் முகத்தில் தேவமாதாவின் சாந்தத்தைக் கண்டு, அவளைத் திரும்பத் திரும்ப அத்திருக்கோலத்தில் படமாக்கியதே அவருடைய பார்வையின் பெருமை. யாசகம் கேட்டு நின்ற ஐரிஷ் தாயொருத்தியின் மகளான மேரி ரயனை வீட்டில் சேர்த்து, கல்வி புகட்டி, ஷேக்ஸ்பியரின் மிராண்டாவாகவும் அமர்த்தினார். அப்பெண்ணை 1867இல் மணந்த ஹென்றி காட்டன்தான் பிற்காலத்தில், 1904ஆம் ஆண்டு பம்பாய்க் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர்.

காப்பித் தோட்டங்களில் முதலிட்டிருந்த கணவருடன் அம்மையார் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வேலைக்காரரும், தோட்டத் தொழிலாளரும், களுத்துறைக் குடியானவரும் அவருடைய காமிராவின் முன் நின்றனர். 1877இல் விருந்தினராக வந்த ஓவியர் மரியன் நார்த் ஒரு செய்தி கூறுகிறார்: ஒரு மனிதனுடைய முதுகின் அழகில் மனம் பறிகொடுத்த அம்மையார், தோட்டமே இல்லாத வீட்டில், அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளுமாறு தம் மகனை வற்புறுத்தினாராம். ரசனையின் தீவிரமும், எஜமானியின் அதிகாரமும் அந்தத் தேர்வில் ஒருங்கே இருந்தன. மறுத்துச் சொல்லும் உரிமை அம்மனிதனுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மையார் 1879இல் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவருடைய இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவே. பிரஷ்வாட்டரின் பணிப்பெண்களுக்குச் சரித்திரத்தில் பெயர் உண்டு, வாழ்க்கை வரலாறு உண்டு. இலங்கையில் அமர்ந்தவர்களோ பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே, குடியானவர், பெண் என்ற பொதுச்சொற்களுக்குள் அடங்கிப்போயினர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கால்நடையாக மலைநாடு சேர்ந்த எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்த தேசத்தில் எடுக்கப்பட்ட படங்கள் என்பதால், இந்தக் குறை நமக்கு நெருங்கிய குறை.

பணிப்பெண்ணிடம் தெய்விகத்தைக் கண்ட அம்மையாரின் கலையுள்ளம் வணக்கத்துக்குரியது. எனினும் ஒருவரைப் படத்துக்குத் தேர்ந்தெடுப்பது அவருடைய முகத்தை மட்டும் ஏற்பதன்று. அவருடைய சம்மதத்தைக் கேட்பதும், பெயரைக் குறித்துவைப்பதும் அத்தேர்வின் அங்கங்களே. அவ்விரண்டும் நிறைவேறும்போதுதான் கலைஞரின் கடமை பூர்த்தியாகிறது.