கண்ணாடியில் விழுந்த பாரிஸ்

கடை ஷோகேஸைப் படம் எடுத்தால் எதிர்ச்சாரிக் கட்டடமும் சேர்ந்து விழும். நீங்கள் அழித்துவிட்டு மறுபடி எடுப்பீர்கள். யூஜீன் அட்ஜே அப்படியே விட்டுவைத்தார்.

1890களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள், மரக் கேமராவையும் 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து பாரிஸின் பழைய தெருக்களையும் முற்றங்களையும் மாடிப்படிகளையும் எடுத்தவர் அவர். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றார், பிழைப்புதான்.

1925இல் கோப்லான் அவென்யூவில் ஒரு துணிக்கடை ஜன்னல். உள்ளே கோட்டு மாட்டிய பொம்மைகள், விலைச்சீட்டோடு சிரிக்கின்றன. அவற்றின் மேலேயே எதிர்ப்புறக் கட்டடமும் மரங்களும் படிந்திருக்கின்றன. எது கடைக்குள், எது தெருவில்? சற்று நேரம் குழம்பித்தான் போவீர்கள். எனக்கு அந்தப் பொம்மைகளைவிட அந்த மரங்கள்தான் பிடிக்கும்.

1927இல் அட்ஜே இறந்தார். எஞ்சிய தகடுகளையும் பிரதிகளையும் அமெரிக்கப் புகைப்படக்காரர் பெரனிஸ் ஆபட் தேடிப்போய் வாங்கிக் காப்பாற்றினார். பிறகு ஊர் திரும்பி, இதே வேலையை நியூயார்க்கில் தொடங்கினார். அட்ஜேயின் அந்தச் சேகரிப்பை 1968இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது.

நம் குடியிருப்பு எழும்புமுன் இந்தத் தெரு எப்படி இருந்தது? பழைய படம் உங்களிடம் இருந்தால், ஏதோ ஒரு கார் கண்ணாடியில் ஓரமாகத் தெரிந்தாலும் சரி, சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.