ஏவற்பொறியின் வலுவும் அதன் ஊட்டமும்

வானொலி அலைகளின் ஏவலுக்கு அடங்கி ஓடும் சிறு வண்டிகளை விளையாட்டுப் பொருள்களெனக் கருதி ஒதுக்குவார் பலர். ஆயின், அவ்வண்டியின் முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு பெட்டியுள்ளே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அடங்கியுள்ளது. 'சேர்வோ' என வழங்கும் அதனை நாம் ஏவற்பொறி என்போம். ஆணை ஒருவருடையது, உழைப்பு வேறொன்றினுடையது என்னும் பிரிவினையே அதன் உயிர்நிலை. அவ்வுழைப்புக்கு வேண்டிய வலு எங்கிருந்து வருதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா பேருருவில் எழுந்தது நீராவிக் கப்பல்களிலாகும். 1858 இல் நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் ஈஸ்டேர்ன்' ஏறக்குறைய 211 மீற்றர் நீளமுடையது. 1861 இல் அத்திலாந்திக்குப் புயலொன்றில் அதன் சுக்கான் முறிந்து, அக்கப்பல் செய்வதறியாது அலைக்கழிந்தது. அத்தகைய சுக்கானை மனிதர் தோள்வலியாற் திருப்புதல் எளிதன்று. 1867 இல் ஜோன் மக்பார்லேன் கிரே என்பார் அதற்கு நீராவிப் பொறியொன்றைப் பொருத்தினார். மாலுமி சிறு சக்கரத்தைத் திருப்ப நீராவி வாயில் திறக்கும். சுக்கான் வேண்டிய நிலையை அடைந்ததும் அதன் அசைவே அவ்வாயிலை மூடிவிடும். பிரான்சியரான ஜோசேப் பார்க்கோ 1873 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பொறிக்குச் 'சேர்வோ மோட்டர்' எனப் பெயரிட்டார். அடிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் வேர்.

கம்பியின்றி ஆணையிடும் முறை பின்னர் வந்தது. 1898 இல் நிக்கொலா டெஸ்லா நியூயோர்க்கிலே சிறு படகொன்றை வானலைகளாற் செலுத்திக் காட்டினார். அவ்வலைகள் சுக்கானைத் திருப்பவில்லை. அதற்குப் போதிய வலு அவற்றுக்கில்லை. அவை ஒரு மின்சுற்றை மூடின, அவ்வளவே. திருப்பியது படகினுள்ளிருந்த சேமிப்புக்கலங்களின் மின்னே. இசுப்பானியரான தொரெஸ் கெவேதோ 1904 இல் மூன்று சக்கர வண்டியொன்றையும், 1906 இல் பில்பாவோவில் அரசர் முன்னிலையிற் படகொன்றையும் இவ்வாறு இயக்கினார்.

அமெரிக்காவிற் குட் சகோதரர் 1937 இல் வானொலியாற் சிறு விமானத்தைச் செலுத்தினர். அக்காலத்தும் பின்னரும் அத்தகைய விமானங்களிற் பெரிதும் வழங்கிய பொறி முறுக்கிய இரப்பர் நாடாவால் இயங்குவது. ஆணை வந்ததும் மின்காந்தம் ஒரு பற்சக்கரத்தை விடுவிக்கும். இரப்பர் அதனைச் சுழற்றும். முழு இடம் அல்லது முழு வலம் அன்றி இடைநிலை இல்லாமை அதன் குறை. எனினும் ஒருவகையில் அது நமது பொறியினும் மேம்பட்டதெனவே கூறலாம்: இரப்பர் எவ்வளவு வருந்தினும், ஆணையை வாங்கும் வாங்கியின் மின்கலம் அதனை உணராது.

1960 களில் வந்த விகிதமுறைப் பொறிகள் அந்நலத்தை இழந்தன. ஆணை, 1 முதல் 2 மில்லி செக்கன் வரை நீளும் துடிப்பாக வருகிறது. சிறு மின்மோட்டர் அதற்கேற்ற கோணத்துக்குத் திரும்பி நிற்கிறது. ஆனால் வாங்கியும் மோட்டரும் நான்கு கலங்கள் தரும் ஒரே 4.8 உவோற்றைப் பகிர்ந்தன. முறுக்கம் சிறிதாயிருந்தவரை அதனாற் பெருந்தீங்கு விளையவில்லை. பாறைகளில் ஏறும் இன்றைய வண்டிகளோ 20, 30 கிலோகிராம்-சென்ரிமீற்றர் முறுக்கத்தை வேண்டுகின்றன. சக்கரம் இரு கற்களிடையே சிக்கியதும் மோட்டர் சுழலாது நிற்கும். சுழலாத மோட்டரில் எதிர்மின்னியக்கவிசை தோன்றாதாகையால், அதுவே மிகப்பெரும் ஓட்டத்தை இழுக்கும் வேளை. கம்பியிலும் இணைப்புகளிலும் 0.1 ஓம் தடையே உளதெனினும், 8 அம்பியர் ஓட்டத்தில் 0.8 உவோற்று வீணாகும். வலுவழங்கியும் தன் எல்லையை மீறித் தளருமாயின் வாங்கி மயங்கி அணைந்து, மீண்டும் விழித்தெழும். அதற்கிடையே வண்டி தலைவனற்றதாகும். வானொலியே பழுதென எண்ணி அதனை மாற்றுவோர் பலர். குற்றம் ஊட்டத்திலுள்ளதென ஐயுறுவார் சிலரே.

மருந்து பழையதே: ஆணையின் வலுவையும் உழைப்பின் வலுவையும் பிரித்தல். முதன்மை மின்கலவடுக்கிலிருந்து நேரே வலுப்பெறும் தனிச் சீராக்கியொன்று, ஏவற்பொறியின் முழுச் சிக்கலோட்டத்தையும் தாங்கவல்லதாய், தடித்த குறுங்கம்பிகளால் அதனோடு இணைக்கப்படல் வேண்டும். வாங்கியிலிருந்து அப்பொறிக்குத் துடிப்புக் கம்பியும் எதிர்க் கம்பியும் மட்டுமே செல்க. எதிர்க் கம்பி பொதுவாயிராவிடிற் துடிப்புக்கு ஒப்பீடின்றிப் பொறி ஆணையை அறியாது. நேர்க் கம்பியையும் இணைத்துவிட்டால் இரு வலுவழங்கிகள் ஒன்றையொன்று எதிர்க்கும். வாங்கிக்குக் குறுக்கே பெரிய கொள்ளளவியொன்றை இடுவாரும் உளர். அது கணப்பொழுதுச் சரிவைத் தாங்கும். நெடிது சிக்கிநிற்கும் பொறிக்கு ஊட்டமளிக்க அதனால் இயலாது.