நினைவு மீட்பும் மொலைசனின் மூளையும்
நினைவுகள் மூளையில் ஒரே இடத்தில் சேமிக்கப்பட்டு அங்கிருந்தே மீட்கப்படுகின்றனவா? இக்கேள்விக்கான விடை ஓர் அறுவைச் சிகிச்சையின் துயர விளைவிலிருந்து வெளிப்படத் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட 27 வயது ஹென்றி மொலைசனின் மூளையில், இருபுறமும் ஹிப்போகாம்பஸின் முன்பகுதியையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் வில்லியம் ஸ்கோவில் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்தவை பெரும்பாலும் அவர் நினைவில் நிலைக்கவில்லை. பல ஆண்டுகள் தம்மை ஆராய்ந்த பிரெண்டா மில்னரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே சந்தித்தார்.

எனினும் இளமைக்காலச் செய்திகள் பல அவருக்கு நினைவிருந்தன. எனவே ஹிப்போகாம்பஸ் மட்டுமே நினைவுக் கிடங்காக இருக்க முடியாது. காட்சி, ஒலி முதலிய கூறுகள் பெருமூளைப் புறணியில் பரவியிருக்க, அவற்றை ஒரே நிகழ்வாக இணைத்து எழுப்ப ஹிப்போகாம்பஸ் உதவுகிறது. தேடலை நெற்றிப்புறப் புறணி நெறிப்படுத்துகிறது. பின்னாளில் சூசன் கார்கின் ஆராய்ந்தபோது, மொலைசனின் பழைய நினைவுகளும் பெரும்பாலும் சாரமாகவே எஞ்சியிருந்தன. சிறுவயது விமானப் பயணம் போன்ற மிகச் சிலவற்றையே அவரால் நுணுக்கமாக விவரிக்க முடிந்தது.