கல்லூரி வருகைக் குறைவு

கல்லூரி வருகைக் குறைவு என்பது, தேர்வெழுதத் தேவையான அளவு வகுப்புகளுக்கு மாணவர் வராதிருத்தலைக் குறிக்கும்.

விதிமுறை

கோயம்புத்தூர் வட்டாரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற, தன்னாட்சியற்ற பொறியியல் கல்லூரிகளில், 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பருவத் தேர்வெழுத 75% வருகை தேவை. மருத்துவம், விளையாட்டு போன்ற காரணங்களுக்கு உரிய சான்றுடன் 65% வரை தளர்வு உண்டு. அதனினும் குறைந்தால் அப்பருவத்தை அடுத்த கல்வியாண்டில் மீண்டும் படிக்க வேண்டும். இதனால் மாணவர் ஓர் ஆண்டை இழக்க நேரிடும்.

ஆசிரியரின் பங்கு

75 வேலை நாட்கள் கொண்ட பருவத்தில் 25% என்பது ஏறத்தாழ 19 நாட்களே. எனவே முதல் சில நாட்கள் வராதபோதே ஆசிரியர் விசாரிப்பது பயன் தரும். ஒவ்வொரு மாணவரையும் கவனிக்க ஆசிரியர் ஒருவரை ஆலோசகராக அமர்த்தும் முறையும் இக்கல்லூரிகளில் உள்ளது. தனிமையில் பேசினால் நோய், குடும்பச் சுமை, பகுதிநேர வேலை, தமிழ்வழியில் பயின்றவருக்கு ஆங்கிலப் பாடம் புரியாமை போன்ற காரணங்கள் தெரியவரும். பாடம் புரியாதவருக்குத் தமிழில் விளக்கமும், திரும்பி வருபவருக்கு விடுபட்ட பகுதிக்கான சிறு பயிற்சிகளும் உதவும்.

ஈடுபாடின்மை

வகுப்பில் இருந்தும் பாடத்தில் ஈடுபடாத மாணவரை வருகைப் பதிவேடு காட்டாது. வகுப்பின் இடையே கேட்கப்படும் எளிய வினாக்களும் குழுப் பயிற்சிகளும் அவரை அடையாளம் காண உதவுகின்றன.